பள்ளியில் உண்ட பிள்ளைக்கு மாலையில் உலை வேண்டுமா?

சென்ற திங்கள் நம் சரகத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அங்கத்தினர் கல்வி வகுப்பு நடைபெற்றது. பங்குத் தொகை, கடன் வரம்பு, துணைவிதித் திருத்தம் ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்த பின், ஐயம் உள்ளோர் கேட்கலாம் என்றோம். மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, என் பேரன் பள்ளிக்கூடத்திலேயே காலையில் உண்கிறான்; பகலில் முட்டையோடு உண்கிறான். அப்படியிருக்க, இரவுக்கென்று தனியே உலை வைக்க வேண்டும் என்று மருமகள் ஐந்தரை மணிக்கே தறியை விட்டு எழுந்து விடுகிறாள். நாளொன்றுக்கு ஒன்றரை முழம் குறைகிறது. இது அவசியந்தானா?" என்று கேட்டார்.

ஆண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெண்கள் வரிசையில் எழவில்லை. அவ்வரிசையிலிருந்து ஓர் அம்மையார், "பெரியப்பா, கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றுவீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்து விட்டார். அதற்குமேல் வகுப்பு வகுப்பாக இல்லை. கூலி, சிலிண்டர், மாமியார், மருமகள் என்று பேச்சு பல திசைகளிலும் ஓடிற்று. இவ்விஷயத்தை ஆராய்ந்து நம் மாத இதழில் எழுதுவதாகச் சொல்லி அன்று தப்பினோம். அவ்வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரை.

பெரியவர் கேட்டது தவறான கேள்வி அன்று. பள்ளியில் உணவிடுதல் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதும் அன்று. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிடத் தொடங்கியது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஊர்ப் பொதுமக்களின் நன்கொடையையும் துணைகொண்டு மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னர் முட்டை சேர்ந்தது; பயறும் கொண்டைக்கடலையும் சேர்ந்தன; கலவைச் சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இருவேளை உணவு பள்ளியிலேயே கிடைக்கும்போது, மூன்றாம் வேளையின் தேவையை ஒரு பாட்டனார் ஐயுறுவது இயல்பே.

எனினும் ஐயத்தைக் கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். நாம் தணிக்கைக்காரர்கள், வாய்ச்சொல்லை ஏற்பதில்லை, பேரேட்டைக் கேட்போம். ஆகவே ஒரு பிள்ளையின் ஒரு நாளுக்கு வரவு செலவு எழுதிப் பார்ப்போம்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, மூன்றாம் வகுப்பில் படிக்கிறது என்று கொள்வோம். ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1700 கலோரி எரிசக்தி வேண்டுமென்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கணக்கிட்டுள்ளனர். கலோரி என்பது, விறகின் மதிப்பை அது தரும் வெப்பத்தால் அளப்பது போல, உணவை அளக்கும் அளவு. இது செலவுப் பத்தி. வரவுப் பத்தியில், பள்ளி மதிய உணவுக்குத் தேசிய அளவில் விதிக்கப்பட்டுள்ள அளவு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியமும் 20 கிராம் பருப்பும் காய்கறியும் எண்ணெயும் சேர்ந்து 450 கலோரி. நம் மாநிலத்தில் முட்டையும் உண்டு. அதற்கு 75 சேர்க்கலாம். காலை உணவில் தானியம் 50 கிராம், பருப்பு 15 கிராம் என்பது திட்டம். எண்ணெயும் காயும் கூட்டினால் 250 முதல் 300 வரை வரும். எல்லாம் சேர்த்தாலும் வரவு ஏறத்தாழ 800. 1700இல் 800 போக, நிலுவை 900.

அதாவது, இருவேளை பள்ளியில் உண்ட பிள்ளைக்கும் நாளின் தேவையில் சரிபாதிக்கு மேல் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்த 900 கலோரியை அரிசியாகவே மாற்றிச் சொன்னால், 100 கிராம் அரிசிக்கு 350 என்ற கணக்கில், கால் கிலோவுக்குச் சற்று மேல்.  இதனை ஒரு முறுக்கும் அரைக் குவளைத் தேநீரும் ஈடுசெய்து விடும் என்று எந்தப் பாட்டனாரும் வாதிடமாட்டார்.

இது காலை உணவு கிடைக்கும் பிள்ளையின் கணக்கு. ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளையின் நிலை வேறு. தொடக்கப் பள்ளியோடு காலை உணவு நின்று விடுகிறது. வயதோ வளரும் வயது. பத்து முதல் பன்னிரண்டு வயதில் ஆணாயினும் பெண்ணாயினும் தேவை 2000 கலோரியைக் கடந்து விடுகிறது. மதிய உணவின் அளவு 700 ஆக உயர்வது உண்மையே. முட்டையையும் சேர்த்துக் கழித்தாலும் நிலுவை 1200க்கு மேல் நிற்கிறது. "பெரியவன் ஆகிவிட்டான், தாங்குவான்" என்று நாம் சொல்லும் வயதில்தான் கடன் ஏறுகிறது. பெண் பிள்ளையாயின், "தம்பிக்கு முதலில் வை" என்ற சொல்லும் அதனோடு சேர்ந்து கொள்கிறது. இதை நாம் பல வீடுகளின் திண்ணையில் அமர்ந்து கேட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் புரதம் 23 கிராம் வேண்டும். மதிய உணவின் விதித்த அளவு 12 கிராம்; முட்டையில் 6 கிராம். ஆகப் புரதக் கணக்கில் பள்ளி உணவே பெரும்பகுதியை அடைத்து விடுகிறது. "முட்டை தின்கிறானே, பிறகென்ன?" என்ற கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. ஆனால் உடம்பின் நடைமுறை வேறு. எரிப்பதற்கு வேண்டிய அரிசியும் எண்ணெயும் போதாமற் போனால், உடம்பு தசை கட்டுவதற்கென வந்த புரதத்தை எடுத்து விறகாக எரித்து விடும். கூரை போட வாங்கி வைத்த மரத்தை அடுப்பில் வைப்பது போன்றது இது. பகலில் அரசு இட்ட முட்டை இரவில் நாம் சோறிடாததால் சாம்பலாகிறது என்றால், அந்த நஷ்டம் யாருடைய பேரேட்டில் ஏறும்?

இனி நேரக் கணக்கு. பள்ளியில் மதிய உணவு பன்னிரண்டரை மணியளவில். மறுநாள் காலை உணவு எட்டு மணிக்கு மேல். இடையில் பத்தொன்பதரை மணி நேரம். நெசவாளர் வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இரவு ஒன்பது மணி வரையில் தறி ஓசை ஓய்வதில்லை. தாய் தறியில், பாட்டி தார் சுற்றுகிறாள், பிள்ளை நாலரைக்கு வந்து புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறது. எட்டு மணிக்கு வந்து பாயில் சாய்கிறது. ஒன்பதரைக்குச் சோறு ஆறி வட்டிலில் விழும்போது பிள்ளை உறக்கத்தில். எழுப்பினால் இரண்டு கவளம். எழுப்பாவிட்டால் அதுவும் இல்லை. "சமைக்கத்தான் செய்தோம், அவன் உண்ணவில்லை" என்று தாய் வருந்துவாள். உலை வைத்தாரா என்பதோடு, எத்தனை மணிக்கு வைத்தார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வளர்ந்தவன் ஒருவேளை பட்டினியைத் தாங்குவது போலப் பிள்ளை தாங்காது. ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு சிறு உடம்பில் சிறிது. மூளையின் செலவோ உடம்பளவுக்குப் பெரிது. ஆகவே நீண்ட நேரம் உணவின்றி இருந்தால் பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை, பெரியவர்களைவிட விரைவாக இறங்கும். காலையில் எழ மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று வைவதற்கு முன், முந்திய இரவு அது என்ன உண்டது என்று கேட்டுப் பார்ப்பது நலம்.

பள்ளியில் உணவிட்டால் வீட்டார் வீட்டுச் சோற்றைக் குறைத்து விடுவார்கள், பிள்ளைக்கு நிகர லாபம் இராது என்ற ஐயம் அறிஞர்களுக்கும் இருந்தது. பொருளியல் அறிஞர் ஃபர்ஸானா அஃப்ரிதி, மத்தியப் பிரதேசக் கிராமங்களில் இதை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார். பள்ளி உணவு தந்த சத்தில், சத்துக்குச் சத்து வேறுபட்டாலும், ஏறத்தாழ சரிபாதி முதல் முழுவதும் வரை பிள்ளையின் நாளுணவில் கூடுதலாகவே சேர்ந்தது என்பது அவர் கண்டது. ஏழ்மை மிக்க குடும்பங்களும் பள்ளி உணவைச் சாக்காக்கிப் பிள்ளையின் வட்டிலைப் பறித்துக் கொள்ளவில்லை. நம் பெரியவரின் மருமகளும் அப்படியே. படிப்பறிவு மிக்க நாம் அரைமணி நேரம் பென்சிலால் கணக்கிட்டுக் கண்டதை அவர் கணக்கில்லாமலே கண்டிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமில்லை.

ஆயின், மாலை உணவு அவசியம் என்பது முடிந்தது. அது சமைத்த உணவாகத்தான் இருக்க வேண்டுமா என்பது தனி வினா. கேட்கத் தக்க வினாவும் கூட.

ஜெர்மனி நாட்டில் பல வீடுகளில் சூடான சமையல் பகலோடு சரி. மாலையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று அடுப்பு மூட்டாமலே பிள்ளைகளும் உண்டு உறங்குகிறார்கள், நன்றாகவே வளர்கிறார்கள். ஆகவே வயிற்றுக்குச் சூடு தேவை என்று ஒரு விதி இல்லை. ஆனால் அவர்களுடைய ரொட்டி முன்பே வெந்தது. பாலாடைக்கட்டியில் புரதமும் கொழுப்பும் செறிந்துள்ளன. நம் அரிசியும் பருப்பும் அடுப்பேறாமல் உணவாவதில்லை. கடையில் வெந்து வருவதாக நமக்குக் கிடைப்பவை பன்னும் வர்க்கியும், பளபளக்கும் காகிதத்தில் காற்றோடு அடைத்த பொட்டலங்களும். பொட்டலத்தைப் பற்றி நாம் கடுமையாகவே சொல்வோம்: அது உப்பும் எண்ணெயும் கொடுத்துப் பசியை மட்டும் கொல்கிறது. ஐந்து மணிக்குப் பொட்டலம் தின்ற பிள்ளை எட்டு மணிக்குச் சோறு வேண்டாம் என்கும். தேநீரும் அத்தகையதே, உணவோடு அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதையும் அது தடுக்கும்.

அடுப்பின்றிப் பிள்ளைக்கு இடத்தக்கவை நம்மிடமும் இல்லாமல் இல்லை. நீரில் நனைத்த அவலும் வெல்லமும், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, பொரிகடலை, வாழைப்பழம், தயிர். முப்பது கிராம் வேர்க்கடலையில் 160 கலோரிக்கு மேல் உண்டு. பள்ளி விட்டு வந்தவுடன் இவற்றில் இரண்டை வைத்தால், 900இல் முந்நூறோ முந்நூற்றைம்பதோ அடைபடும். தறியிலிருந்து எவரும் எழ வேண்டியதில்லை. டப்பா எட்டும் இடத்தில் இருந்தால் போதும். மிச்சம் அறுநூறைச் சோறும் பருப்பும்தான் அடைக்க வேண்டும். நாம் அறிந்தவரையில் நம் ஊர்களில் அதற்கு வேறு வழியில்லை.

காலையில் வடித்ததையே மாலைக்கும் வைத்தால் என்ன என்று பலர் கேட்கின்றனர். இதில் எச்சரிக்கை வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை நுண்கிருமியின் வித்து, கொதியில் சாவதில்லை. வெந்த சோறு நம் ஊர் வெப்பத்தில் மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் அது முளைத்து நஞ்சு விடும்; பிறகு சூடாக்கினாலும் அந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. வாந்தியும் கழிச்சலும் வருவது இதனாலேயே. குழம்பும் தேங்காய்த் துவையலும் முட்டையும் இன்னும் விரைவில் கெடும். நீர் ஊற்றி முறையாகப் புளிக்க வைத்த பழைய சோற்றின் சங்கதி வேறு; புளிப்பே அதற்குக் காவல். ஆனால் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிச் சோற்றை இரவு எட்டு மணிக்குப் பிள்ளைக்கு இடுவதை நாம் ஒப்ப மாட்டோம். அதற்குப் பதில், காலையிலேயே அரிசியையும் பருப்பையும் அளந்து களைந்து வைத்துவிட்டு, மாலையில் ஒரே குக்கரில் இரண்டையும் சேர்த்து வேக வைத்தால் இருபது நிமிடத்தில் முடியும். இரவில் ஊற வைத்த கடலையும் அதனோடு ஒரு கிண்ணத்தில் வெந்துவிடும். இரண்டாம் முறை அடுப்பு மூட்டினால் சிலிண்டர் விரைவில் தீரும் என்பது மெய்தான். ஆனால் ஒரு குக்கர் எரிக்கும் எரிவாயு, வாரத்துக்குப் பிள்ளை தின்னும் பொட்டலத்தின் விலைக்குள் அடங்கும் என்று வகுப்பிலிருந்த பெண்களே கணக்குச் சொன்னார்கள்.

நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். அரிசி வருகிறது, துவரம்பருப்பு சலுகை விலையில் வருகிறது. அரிசியைத் தவறாமல் வாங்கிவிட்டுப் பருப்பை மட்டும் "அடுத்த வாரம்" என்று விடும் அட்டைகள் உண்டு. அந்த வாரம் கையில் கூலி இல்லாததே காரணம். சங்கத்தின் கூலி நாளும் கடையில் பருப்பு வரும் நாளும் ஒட்டி அமைந்தால் இது தீரும். நிர்வாகக் குழுவினர் ஒரு தேதியை மாற்றினால் ஆகும் காரியம்.

விவசாயத் தோழர்களுக்கும் ஒரு சொல். பால் ஊற்றும் சங்கத்து அங்கத்தினர்கள் கோபிக்க வேண்டா. மாலைக் கறவையில் கடைசிச் சொட்டு வரை கேனில் ஊற்றிவிட்டு, வீட்டுப் பிள்ளைக்குப் பாலில்லாத் தேநீர் கொடுக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். தீவன விலையும் கடன் தவணையும் நாம் அறியாதவை அல்ல. எனினும் ஒரு குவளைப் பால் வீட்டில் நிற்கலாம். அதனால் சங்கத்தின் கொள்முதல் குறைந்துவிட்டதென்று எந்த ஆய்வாளரும் குறிப்பெழுத மாட்டார். எழுதினால் நம்மிடம் சொல்லுங்கள்.

ஆய்வுக் குறிப்பு என்றதும், நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பு முடிந்தபின், கஞ்சி போடாத பாவைப் பற்றிக் கேட்ட அம்மையார் நம்மிடம் வந்தார். "ஐயா, நான் ஐந்தரைக்கு எழுந்து உலை வைக்க ஆயத்தந்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் சேலை ஒப்படைக்கவும் நூல் வாங்கவும் சங்கத்தில் மாலை ஐந்து முதல் எட்டு வரை நிற்கிறேனே. அன்று என் பிள்ளைகள் உண்ணாமல்தான் உறங்குகின்றன. அந்த நேரத்தை யார் வைத்தது?" என்றார். நாம் கூட்டப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் நெசவு கெடலாகாது, ஆகவே ஒப்படைப்பை மாலைக்கு மாற்றுக என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் பரிந்துரை எழுதியவர் நாமே. உற்பத்தி மீட்டர்க் கணக்கு உயர்ந்ததென்று அவ்வாண்டு அறிக்கையில் பெருமையாகவும் எழுதியிருந்தோம். சங்கத்தில் ஒப்படைக்க வருவோரில் பெரும்பாலோர் தாய்மார்கள் என்பது நம் கண்ணில் படவே இல்லை.

இம்மாதக் குழுக் கூட்டத்தில் அதனைத் திருத்தும் தீர்மானம் வந்தது. காலை நேரத்துக்கே மாற்றுவதைப் பட்டுத்தறிக்காரர் சிலர் எதிர்த்தனர். நுண்ணிய புட்டாவுக்குக் காலை வெளிச்சந்தான் வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. முடிவில், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டாரிடம் பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை சேலையை வாங்கிக் கொள்வது, ஏனையோர்க்கு மாலை நேரம் பழையபடியே என்று ஏற்றனர். மதிப்பீட்டாளர் இருமுறை உட்கார வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தார். கேள்வி எழுப்பிய மூத்த அங்கத்தினர் தீர்மானத்துக்கு ஆதரவாகவே கை தூக்கினார். ஆனால் ஒன்றரை முழத்தைப் பற்றிய தம் குறையை அவர் இன்னும் விடவில்லை. மருமகள் எழும் வேளையில், மைந்தர் எழுந்து குக்கரை ஏற்றலாகாதா என்று நாம் கேட்டோம். விடை வரவில்லை. அடுத்த மாதம் ஒப்படைப்புப் பதிவேட்டில் நேரப் பத்தி ஒன்று சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்; தணிக்கைக்குச் செல்லும்போது நாம் முதலில் அதைத்தான் பார்ப்போம்.